சந்தா கட்டியவர்களும் சம்பளம் வாங்கியவர்களும்

சென்னை ஜார்ஜ் டவுன் ஆச்சாரப்பன் வீதியில் பிறந்து வளர்ந்த பதினெட்டு வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர், நண்பர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு 1891 ஜூலை 1 அன்று ஒரு நாடக சபையைத் தொடங்கினார். அவர் பம்மல் சம்பந்த முதலியார். சபையின் பெயர் சுகுண விலாச சபை. ஏறக்குறைய அதே காலத்தில் தெற்கே தூத்துக்குடிச் சீமையில், உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த இருபத்து நான்கு வயது வாலிபர் வேலையை விட்டுவிட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். காட்டுநாயக்கன்பட்டி தாமோதரத் தேவரின் மகன் அவர். பின்னாளில் சங்கரதாஸ் சுவாமிகள். 1918இல் அவரை ஆசிரியராகக் கொண்டு மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா உருவானது.

பெயரில் இரண்டுமே சபை. வரலாற்று நூல்கள் முதலாவதைப் பயில்முறைக் குழு என்றும், இரண்டாவதைத் தொழில்முறைக் குழு என்றும் பிரித்து, தனித்தனி அத்தியாயங்களில் வைத்துவிடுகின்றன. அப்படிப் பிரிப்பதில் ஒரு வசதி இருக்கிறது; ஒரு நஷ்டமும் இருக்கிறது. ஒரே கலையை, ஒரே பத்தாண்டில், சில சமயம் ஒரே நாடகத்தை நடத்திய இரண்டு அமைப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்காமல் போய்விடுகிறோம். வைத்துப் பார்த்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகளில் பெரும்பாலானவை கலைக் கொள்கையிலிருந்து வரவில்லை, பணம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதிலிருந்து வந்தன என்று எனக்குப் படுகிறது. ஒன்றில் நடிகன் காசு கொடுத்து நடித்தான். மற்றதில் காசு வாங்கி நடித்தான்.

முதலில் சான்றுகளைப் பற்றி ஒரு வார்த்தை. சுகுண விலாச சபையை நாம் அறிவது பெரும்பாலும் முதலியாரே எழுதிய ‘நாடகமேடை நினைவுகள்’ மூலம். 1930களில் ஆறு பாகங்களாக வந்த நூல். மதுரை பால சபாவை அறிவது தி. க. சண்முகம் எழுதிய ‘எனது நாடக வாழ்க்கை’ மூலம். அது 1972இல் வந்தது. முன்னதை எழுதியவர் சபையை நிறுவியவர், அதன் ஆசிரியர், அதன் முதன்மை நடிகர். பின்னதை எழுதியவர் ஆறு வயதில் கம்பெனிக்குள் கொண்டுவந்து விடப்பட்ட பையன். மேலே இருந்து எழுதிய நூலும் கீழே இருந்து எழுதிய நூலும் கையில் இருக்கின்றன. எதிர்ப்புறத்தவை இரண்டும் இல்லை. சுகுண விலாச சபைக்குப் படுதா இழுத்தவரோ விளக்குப் பிடித்தவரோ நினைவுகள் எழுதவில்லை. சுவாமிகளும் தம்மைப் பற்றி எழுதி வைக்கவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டே மேலே படிக்க வேண்டும்.

சபை பிறந்த கதை பலருக்கும் தெரிந்ததுதான். பல்லாரியிலிருந்து சரஸ வினோதினி சபையார் சென்னைக்கு வந்து விக்டோரியா பப்ளிக் ஹாலில் தெலுங்கு நாடகங்கள் போட்டார்கள். அந்தச் சபையின் தலைவர் கிருஷ்ணமாசார்லு ஒரு வக்கீல். அதுவரை தமிழ் நாடகம் என்றாலே முகம் சுளித்துக்கொண்டிருந்த முதலியாரை இந்தத் தெலுங்கு நாடகங்கள் திருப்பிப் போட்டன. அவரை அசைத்தது நடிப்பின் நேர்த்தி மட்டுமா? மேடையில் நின்றவர்கள் படித்தவர்கள், உத்தியோகத்தில் இருப்பவர்கள், மரியாதைப்பட்டவர்கள் என்பதே பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்கிறது. கூத்தாடி என்பது வசைச்சொல்லாக இருந்த ஊரில் வக்கீல் ஒருவர் வேஷம் கட்டலாம் என்ற செய்தி அது. முதலியாரின் தந்தை விஜயரங்க முதலியார் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர், தமிழ் நூல்களைப் பதிப்பித்தவர். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை அரிதாரம் பூச ஒரு முன்னுதாரணம் வேண்டியிருந்தது. பல்லாரிக்காரர்கள் அதைத் தந்தார்கள்.

ஆகவே சபையின் முதல் நோக்கத்திலேயே ஓர் இரட்டைத்தன்மை ஒட்டிக்கொண்டது. நாடகத்தை இழிவிலிருந்து மீட்பது ஒன்று. தாங்கள் அந்த இழிவில் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது மற்றொன்று. அங்கத்தினர்கள் சந்தா கட்டினார்கள். நிர்வாகக் குழு, காரியதரிசி, ஆண்டுக் கூட்டம், தேர்தல் எல்லாம் உண்டு. தமிழ்ப் பகுதிக்கு ஒரு கண்டக்டர், தெலுங்குப் பகுதிக்கு ஒரு கண்டக்டர் என்று பொறுப்புகள் இருந்தன. நடித்ததற்கு எவரும் கூலி வாங்கவில்லை என்பதே அவர்களுடைய பெருமை. ‘நாடகமேடை நினைவுகள்’ படிக்கிறவர்கள் நாடகத்தைத் தேடிப் போனால் பல பக்கங்களில் கமிட்டி விவகாரங்களைத்தான் சந்திப்பார்கள்: யாருக்கு எந்தப் பாத்திரம், யார் கோபித்துக்கொண்டார், யார் ஒத்திகைக்கு வரவில்லை, அடுத்த தேர்தலில் என்ன நடந்தது. எனக்கு அந்தப் பக்கங்கள் சலித்ததே இல்லை. தமிழ்நாட்டில் எந்த ஊர் மன்றத்தில் உட்கார்ந்து பழகியவரும் அந்தச் சண்டைகளை அப்படியே அடையாளம் கண்டுகொள்வார்.

மதுரைச் சபாவில் இதெல்லாம் கிடையாது. அங்கே முதலாளிகள் இருந்தார்கள். முதல் போட்டார்கள், கொட்டகை பிடித்தார்கள், சீன்களும் உடுப்புகளும் வாங்கினார்கள், வசூல் பார்த்தார்கள். பையன்களைத் தகப்பன்மார் கொண்டுவந்து விட்டார்கள். கம்பெனி வீட்டில் சாப்பாடு, கம்பெனி வீட்டில் படுக்கை. சம்பளம் பெற்றோருக்குப் போனது. சண்முகத்தின் தந்தை கண்ணுசாமிப் பிள்ளையே ஸ்திரீபார்ட் நடிகர். அவருடைய பிள்ளைகள் சங்கரன், முத்துசாமி, சண்முகம் மூவரும் 1918இல் இந்தச் சபாவுக்குள் வந்தார்கள். அவர்கள் தம்பி பகவதி கைக்குழந்தைப் பருவம் தாண்டிப் பின்னால் வந்து சேர்ந்தார். ஒரு குடும்பமே அடுப்பெரிவதற்கு மேடையை நம்பியிருந்தது. மழை பிடித்துக் கொட்டகையில் ஆள் சேராத வாரங்களில் சுகுண விலாச சபை நஷ்டக் கணக்கு எழுதும்; கம்பெனியில் கஷ்டம் சாப்பாட்டு இலை வரைக்கும் வரும்.

இனி ஒத்திகைக்கு வருவோம். சென்னையில் ஒத்திகை என்பது கோர்ட்டும் ஆபீசும் முடிந்த பிறகு நடப்பது. முதலியார் வக்கீல், பிறகு 1924 முதல் 1928 வரை ஸ்மால் காஸ் கோர்ட் நீதிபதி. பகலில் தீர்ப்பெழுதிவிட்டு மாலையில் சபைக்கு வந்தவர். உடன் நடித்தவர்களும் அப்படியே. ஒருவருக்கு மாற்றல் உத்தரவு வந்தால் ஒரு நாடகமே நின்றுபோகும். மதுரையில் பையன்களுக்கு நாள் முழுவதும் நாடகம்தான்: காலையில் பாட்டுப் பாடம், பிறகு வசனப் பாடம், இரவு ஆட்டம். பள்ளிக்கூடம் இல்லை. எழுத்துப் படித்ததே நாடகப் பாடம் வழியாகத்தான். குழந்தைகளை வைத்துப் பிழைப்பது என்று இன்றைக்கு நாம் சொல்வோம். அப்படிச் சொல்வதில் தவறில்லை. அதே கண்டிப்புதான் யாப்பும் தாளமும் நாவில் ஊறிய ஒரு தலைமுறையை உண்டாக்கியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

சுவாமிகள் எப்படி ஆசிரியரானார் என்பதற்குக் கம்பெனிக்காரர்கள் மத்தியில் ஒரு கதை வழங்குகிறது. இளவயதில் அவர் இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் போன்ற உக்கிரமான வேடங்களில் பேர் வாங்கியவர். ஒரு முறை விடிய விடிய நளன் நாடகம் ஆடி முடித்து, சனீசுவரன் வேஷத்தைக் கலைக்க இருட்டு பிரியாத நேரத்தில் நீர்நிலைக்குப் போயிருக்கிறார். உடம்பெல்லாம் கறுப்பு மை. அங்கே வந்த ஒரு கர்ப்பிணி அந்தக் கோலத்தைப் பார்த்து அஞ்சி விழுந்து உயிரை விட்டாள் என்றும், அன்றோடு அவர் வேஷம் போடுவதை நிறுத்தினார் என்றும் சொல்வார்கள். எமன் வேடத்தைப் பற்றியும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. இவை எவ்வளவு தூரம் நடந்தவை என்று தீர்ப்பு சொல்ல நான் முயலவில்லை. தன் ஆசிரியனைப் பற்றி ஒரு தொழில் சமூகம் என்ன கதையைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். நடிப்பு உயிரைக் குடிக்கும் அளவுக்கு வலிமையுள்ளது, அதனால் பயந்து கையாள வேண்டும் என்கிற கதை இது. சுகுண விலாச சபையின் கதைகளில் இந்தப் பயத்தைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அங்கே பயம் வேறு வகை: வீட்டில் என்ன சொல்வார்கள், ஊரில் என்ன பேசுவார்கள்.

நடிப்பை விட்ட சுவாமிகளைப் புதுக்கோட்டைக் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை மகனாகவே வைத்துக்கொண்டார். சந்த நுட்பமும் லயப்பிடிப்பும் அங்கே கூர்மைப்பட்டன. அதன் விளைவைப் பார்க்க ‘அபிமன்யு சுந்தரி’ பிறந்த இரவைச் சொன்னால் போதும். பையன் சண்முகத்தைக் கதாநாயகனாக்க ஒரு புது நாடகம் வேண்டும் என்று பேச்சு வந்தது. சுவாமிகள் இரவில் விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பொழுது விடிந்தபோது பாட்டும் வசனமுமாக முழு நாடகமும் எழுதி முடிந்திருந்தது. அடித்தல் திருத்தல் இல்லை என்பார்கள். ஒரே இரவில் எழுதியது என்பதை வியப்பாகவே எல்லோரும் திருப்பிச் சொல்கிறார்கள். ஒரு கம்பெனி வாத்தியாருக்கு அடுத்த வாரத்து வசூல் காத்திருந்தது, ஒரு குறிப்பிட்ட பையனின் குரலும் வயதும் காத்திருந்தன என்பதையும் கூடவே பார்க்க வேண்டும். அந்தக் குரல் இன்னும் நாலைந்து வருஷம்தான் அப்படி இருக்கும். நிதானமாக எழுதச் சௌகரியம் இல்லாத இடத்தில் வேகம் ஒரு திறமையாக வளர்ந்தது.

முதலியாருக்கு அந்த நெருக்கடி இல்லை. அவர் தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார் என்றாலும், எழுதி, திருத்தி, நண்பர்களைப் பார்த்து வேடம் அமைத்து, மேடையேற்றி, பிறகு அச்சிட்டார். ஷேக்ஸ்பியரைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்: ஹாம்லெட் அமலாதித்யன் ஆனான், மாக்பெத் மகபதி ஆனான், வெனிஸ் நகரத்து வியாபாரி வாணீபுரத்து வணிகனாக வந்தான். ‘மனோகரா’, ‘லீலாவதி சுலோசனா’ போன்ற சொந்தக் கற்பனைக் கதைகளை உரைநடையில் எழுதினார். ‘சபாபதி’ என்ற பிரகசனத்தில் சென்னைப் பணக்கார வீட்டு அசட்டுப் பிள்ளையையும் அவனுடைய வேலைக்காரனையும் வைத்துச் சிரிக்க வைத்தார். நாடகத்தை விடிய விடிய நீட்டாமல் சுருக்கினார். பாட்டைக் குறைத்துப் பேச்சைக் கூட்டினார்.

பாட்டைக் குறைத்தது பெரிய சீர்திருத்தம் என்று பாராட்டுவது வழக்கம். ஓரளவுக்கு ஒப்புக்கொள்கிறேன். கோபம் வந்தாலும் பாட்டு, மரணம் வந்தாலும் பாட்டு என்றிருந்த மேடையில் மனிதர்கள் மனிதர்கள் மாதிரிப் பேச ஆரம்பித்தது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்தச் சீர்திருத்தத்துக்கு யாருடைய தயவும் வேண்டியிருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விக்டோரியா ஹாலுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அங்கத்தினர்களும் அவர்களுடைய உற்றார் உறவினரும் அதே வகுப்பைச் சேர்ந்தவர்களும்தான். மறுநாள் காலையில் ஆபீசுக்குப் போக வேண்டியவர்களுக்கு நாடகம் நேரத்தோடு முடிவதில் மகிழ்ச்சியே. பட்டிக்காட்டிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து தரை டிக்கெட் வாங்கியவர், நடுச்சாமத்தில் நாடகத்தை முடித்துவிட்டால் எப்படி ஊர் திரும்புவார்? அவருக்கு விடியும்வரை ஆட்டம் தேவை. பாட்டும் தேவை, ஏனென்றால் ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்குப் போய்ச் சேருவது உச்சஸ்தாயியில் எடுத்த பாட்டுத்தான். சுவாமிகளின் பாட்டு நாடகத்தைப் பழமை என்று ஒதுக்குபவர்கள், அந்த வடிவத்தைத் தீர்மானித்த தரை டிக்கெட்காரரைக் கணக்கில் எடுப்பதில்லை.

பெண் வேடத்தில் இரண்டு சபைகளும் ஒத்துப்போகின்றன. இரண்டிலும் பெண்கள் இல்லை. அதே காலத்தில் கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்துக் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தார் என்பதால், ஆள் கிடைக்கவில்லை என்ற சமாதானம் செல்லாது. பெண்கள் மேடையில் இருந்தார்கள், இந்த இரண்டு சபைகளுக்குள்தான் இல்லை. ஆனால் ஒப்புமை அங்கேயே முடிந்துவிடுகிறது. சுகுண விலாச சபையில் முதலியாருக்கு ஜோடியாக நடித்தவர் சி. ரங்கவடிவேலு. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக முதலியார் கதாநாயகன், ரங்கவடிவேலு கதாநாயகி. முதலியார் பல நாடகங்களை இந்த நண்பரை மனத்தில் வைத்தே எழுதினார். 1923இல் ரங்கவடிவேலு இறந்தபோது முதலியாரின் நாடக வாழ்க்கையில் பாதி போய்விட்டது. அவரைப் பற்றி எழுதும் இடங்களில் நினைவுகள் நூலின் நடையே மாறிவிடும். கமிட்டிக் கணக்கு எழுதும் கை அங்கே தழுதழுக்கிறது. நடுவயதைக் கடந்த ஒருவர் இளவரசியாக வந்து நிற்பதை அந்த அவையினர் ஏற்றுக்கொண்டார்கள் என்றால், அவர்கள் பார்த்தது ஒரு நட்பையும்தான்.

கம்பெனியில் அப்படி ஏற்க மாட்டார்கள். அங்கே பையனின் குரல்தான் மூலதனம். வயது வந்து மகரக்கட்டு உடைந்த அன்றைக்கு ஸ்திரீபார்ட் போய்விடும், சிலருக்கு ராஜபார்ட்டும் போய்விடும். நேற்று வரை கொட்டகையை நிறைத்த பையன் இன்று கூட்டத்தில் சேவகனாக நிற்பான், அல்லது ஊருக்கு அனுப்பப்படுவான். குரல் தெளிந்து வந்தால் அதிர்ஷ்டம். ரங்கவடிவேலு கடைசிவரை கதாநாயகியாக இருக்க முடிந்ததற்கும், ஒரு கம்பெனிப் பையன் பதினான்கு வயதில் கழற்றிவிடப்பட்டதற்கும் காரணம் ஒன்றே. முன்னவர் நடித்துத்தான் சாப்பிட வேண்டும் என்ற நிலையில் இல்லை.

அரசியலை எடுத்துக்கொண்டால் சந்தாவின் சௌகரியம் ஒரு தளையாகவும் மாறுவது தெரியும். சுகுண விலாச சபையில் நீதிபதிகள், வக்கீல்கள், சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் நிறைந்திருந்தார்கள். சர் சி. பி. ராமசாமி ஐயர், சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர். கே. சண்முகம் செட்டியார் போன்றவர்கள் அதன் அங்கத்தினர்கள். தீரர் சத்தியமூர்த்தி ‘மனோகரா’வில் நடித்தவர். மேடையில் முழங்கிய சத்தியமூர்த்தி அரசியல் மேடைக்குப் போய்த்தான் அந்த முழக்கத்தைப் பயன்படுத்த முடிந்தது. சபையின் நாடகங்களுக்குள் 1920களின் கொந்தளிப்பு அதிகம் நுழையவில்லை. கம்பெனிகள் வேறு மாதிரி. ஜனங்களிடம் காந்தி பேச்சு அடிபட்டால் அதே வாரம் மேடையில் கதர்ப் பாட்டு வரும், ஏனென்றால் அதற்குக் கைதட்டு உண்டு, கைதட்டினால் வசூல் உண்டு. மீனலோசனியிலிருந்து பிரிந்து வந்து டி.கே.எஸ். சகோதரர்கள் (சண்முகமும் அவருடைய சகோதரர்களும்) 1925இல் தொடங்கிய பால சண்முகானந்த சபா, தடைசெய்யப்பட்ட வெ. சாமிநாத சர்மாவின் ‘பாணபுரத்து வீர’னைத் ‘தேசபக்தி’ என்று பெயர் மாற்றி மேடையேற்றியது. துணிச்சல்தான். அந்தத் துணிச்சலுக்கு டிக்கெட் வாங்கியவர்களின் ஆதரவும் இருந்தது.

இரண்டு ஓடைகளும் சந்தித்த இடமும் உண்டு. சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கிப் பேச்சும் போய், 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் அவர் காலமானார். ஆசிரியரை இழந்த பையன்களுக்குப் புது வாத்தியாராக வந்தவர் எம். கந்தசாமி முதலியார், பின்னாளில் திரையில் புகழ்பெற்ற எம். கே. ராதாவின் தந்தை. அவர் பையன்களுக்குச் சம்பந்த முதலியாரின் உரைநடை நாடகங்களைச் சொல்லிக் கொடுத்தார். சந்தப்பாட்டில் ஊறிய நாக்குகள் வசனம் பேசப் பழகின. ‘மனோகரா’ இப்படித்தான் பட்டணத்து ஹாலைவிட்டு ஊர் ஊராகக் கொட்டகைகளுக்குப் போனது. தமிழ் மேடையில் பேச்சு நடிப்பு பரவியதற்கு முதலியாரைப் பாராட்டுகிறோம். எழுதியவர் அவர்தான். சுமந்துகொண்டு போனவர்கள் கம்பெனிப் பையன்கள்.

முதலியார் சும்மா விடவில்லை என்பது சுவாரசியமான விஷயம். தம் நாடகத்தை யார் போட்டாலும் முன் அனுமதி வாங்க வேண்டும், ராயல்டி கட்ட வேண்டும் என்பதில் வக்கீலுக்கே உரிய கறாருடன் இருந்தார். தாம் நடிக்கக் காசு வாங்காதவர், எழுதியதற்கு வாங்கினார். இதில் முரண் இல்லை. நடிப்பு அவருக்குப் பொழுதுபோக்கு, எழுத்து சொத்து. சுவாமிகளுக்கு இரண்டுமே கூலி வேலை. எழுதிக் கொடுத்ததும் அது கம்பெனிக்குச் சொந்தம், கம்பெனியை விட்டுப் பையன் ஓடினால் அவன் வாயோடு அடுத்த கம்பெனிக்கும் சொந்தம். வள்ளி திருமணமும் பவளக்கொடியும் கோவலனும் சத்தியவான் சாவித்திரியும் அப்படித்தான் கைமாறிக் கைமாறிப் போயின. மலிவுப் பதிப்புகளில் பிழையும் இடைச்செருகலுமாக அச்சாயின.

சினிமா வந்தபோது இந்த வேறுபாடு பெரிதாகியது. முதலியாரின் நாடகங்கள் படங்களாயின. ‘சபாபதி’ 1941இல் ஏவி.எம். படமாக வந்து டி. ஆர். ராமச்சந்திரனைப் பெரிய ஆளாக்கியது. ‘மனோகரா’ 1954இல் கலைஞரின் வசனத்தோடும் சிவாஜியின் குரலோடும் வந்தது. கம்பெனிகள் கதைகளைவிட ஆட்களை அனுப்பின. பால சண்முகானந்த சபாவிலிருந்து என். எஸ். கிருஷ்ணனும் கே. ஆர். ராமசாமியும் எஸ். வி. சகஸ்ரநாமமும், மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியிலிருந்து எம்.ஜி.ஆரும், யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியிலிருந்து சிவாஜியும் வந்தார்கள். 1954இன் மனோகரன் வக்கீல் எழுதிய கதைக்குள் நின்ற கம்பெனிப் பையன். சுகுண விலாச சபையிலிருந்து திரையுலகுக்கு அந்த அளவில் நடிகர்கள் வரவில்லை. வர வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை, ஹைகோர்ட் இருந்தது.

கடல் தாண்டியும் இதே இரட்டைப் பாதையைக் காணலாம். சுகுண விலாச சபை 1911இல் இலங்கைக்குப் போய் நாடகங்கள் நடத்தியது. அதன் தாக்கத்தில் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் படித்தவர்கள் சபைகள் அமைத்தார்கள். கலையரசு சொர்ணலிங்கம் முதலியாரைத் தம் குருவாகவே கொண்டாடியவர்; ‘ஈழத்தில் நாடகமும் நானும்’ என்ற அவருடைய நூலில் அந்தப் பக்தியைப் பார்க்கலாம். மறுபுறம் தமிழ்நாட்டுக் கம்பெனிகள் கொண்டுபோன பாட்டு நாடகம் யாழ்ப்பாணத்தில் இசை நாடகம் என்ற பெயரில் வேரூன்றி, காங்கேசன்துறை வசந்த கான சபாவின் நடிகமணி வி. வி. வைரமுத்துவிடம் உச்சத்தைத் தொட்டது. அவருடைய மயான காண்டம் என்றால் ஊர் திரண்டு வரும். அங்கேயும் கோட்டுப் போட்டவர்கள் ஒரு பக்கம், கோயில் வீதியில் மணலில் உட்கார்ந்தவர்கள் மறுபக்கம். இருந்தாலும் ஈழத்து ஆய்வாளர்கள் இசை நாடகத்தைத் தங்கள் அரங்கின் சொத்தாக எடுத்துப் பேசிய அளவுக்கு நாம் இங்கே சுவாமிகளின் நாடகங்களைப் பேசவில்லை என்ற மனக்குறை எனக்கு உண்டு. நடிகர் சங்கத்தில் அவர் பெயரில் அரங்கம் வைத்ததோடு நம் கடன் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது.

இரண்டு சபைகளும் பிறகு என்னவாயின? மீனலோசனி எப்போதோ கலைந்துவிட்டது. அதன் வாரிசான டி.கே.எஸ். சபாவும் பின்னர் கலைந்தது. முதலாளி கைவிட்டாலோ வசூல் படுத்தாலோ கம்பெனிக்கு ஆயுள் முடிந்தது. சுகுண விலாச சபை இன்னும் இருக்கிறது. விக்டோரியா ஹாலை விட்டு மவுண்ட் ரோட்டுக்கு இடம் பெயர்ந்தது, இன்று எஸ்.வி.எஸ். கிளப் என்ற பெயரில் உறுப்பினர்கள் கூடிப் பொழுதுபோக்கும் மனமகிழ் மன்றம். இதைப் பலர் வீழ்ச்சி என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது தொடக்கத்திலேயே பாதி கிளப்தான். சந்தா, தேர்தல், மாலை நேரம், ஒத்த வகுப்பு நண்பர்கள் எல்லாம் 1891இலேயே இருந்தன. நடுவில் நாற்பது ஐம்பது ஆண்டுகள் நாடகம் அந்த வீட்டில் குடியிருந்தது, பிறகு காலி செய்துகொண்டு போனது.

நாடகம் காலியாகாமல் இருக்கும் இடம் வேறு. புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை வட்டாரத்தில் பங்குனி, சித்திரை மாதங்களில் அம்மன் கோயில் திருவிழா நோட்டீசுகளைப் பார்த்தால், ஸ்பெஷல் நாடகம் என்று போட்டு ‘வள்ளி திருமணம்’ இருக்கும். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் ஓர் ஊர், ஆர்மோனியம் இன்னோர் ஊர். கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ஏஜெண்டு பேசி முன்பணம் கொடுத்த தேதிக்கு எல்லோரும் ஒரு மேடையில் வந்து சேருவார்கள். சுவாமிகளின் பாடம் அத்தனை பேர் மனத்திலும் இருப்பதால் ஒத்திகை தேவைப்படுவதில்லை. தினைப்புனத்தில் வள்ளிக்கும் வேடனாக வந்த முருகனுக்கும் நடக்கும் தர்க்கத்தில் இன்றைய விலைவாசியும் அரசியலும் புகுந்து விளையாடும், பபூன் சினிமாப் பாட்டுப் பாடுவார், ஸ்திரீபார்ட்டை இப்போது பெண்கள் போடுகிறார்கள். சுவாமிகள் எழுதியதில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று மூலத்தை வைத்து ஒப்பிட்டால் தலை சுற்றும். யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை, ராயல்டி கட்டுவதும் இல்லை. முதலியாரின் ‘அமலாதித்யன்’ ஒரு காற்புள்ளிகூட மாறாமல் நூலகத்தில் கிடைக்கிறது. அதை மேடையில் பார்க்க வேண்டுமானால் ஏதாவது கல்லூரி ஆங்கிலத் துறை மனம் வைக்க வேண்டும். ‘வள்ளி திருமணம்’ பார்க்க விரும்புகிறவர் சித்திரையில் பொன்னமராவதிப் பக்கம் போனால் போதும். இரவு பத்து மணிக்கு மேல் எந்த ஊரில் மைக் சத்தம் கேட்கிறதோ அங்கே இறங்கிக்கொள்ளலாம்.